மரண வளைவுகளில் 26 வெற்றி

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் அவருடைய நண்பர் ஒருவர் விழுந்து மாண்டார். மறு ஆண்டு, அதே பந்தயத்தில் அவருடைய சகோதரியின் கணவர் மாண்டார். பிறகு, தம்பி கையும் காலும் நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்கே ஒரு முறை கால் முறிந்தது. இன்னொரு முறை விரல் போயிற்று.

அப்படியும் அவர் பந்தயத்தை விடவில்லை. 17 வயதில் வண்டியில் ஏறியவர், 48 வயதில் பந்தயத்திலேயே உயிரை விட்டார்.

அவர் பெயர் ஜோயி டன்லப். வட அயர்லாந்தைச் சேர்ந்தவர். சாலைப் பந்தயத்தின் முடிசூடா மன்னர் என்று பெயர் பெற்றவர். (டயருக்குப் பெயர் கொடுத்த டன்லப் வேறு, இவர் வேறு.)

வீட்டில் அன்பான மனைவி. ஐந்து குழந்தைகள். சொந்தமாக ஒரு மதுக்கடை. சோற்றுக்குக் குறைவு இல்லை. புகழுக்கும் குறைவு இல்லை.

பிறகு ஏன் அவர் உயிரைப் பணயம் வைத்தார்?

ஜோயி அதிகம் பேசாத மனிதர். ஆகையால், அவருடைய வாழ்க்கையைப் பார்த்துத்தான் இதற்கு விடை தேட வேண்டும்.

சாலையே பந்தயக்களம்

மோட்டார் சைக்கிள் பந்தயம் இரண்டு வகைப்படும்.

ஒன்று, பந்தயத்துக்கென்றே கட்டிய தனிக் களத்தில் நடப்பது. அங்கே ஓரத்தில் மரம் இராது, சுவர் இராது. விழுந்தாலும் உருண்டு போய் எழுந்திருக்க வெட்டவெளி இருக்கும்.

மற்றொன்று, சாலைப் பந்தயம். பால் வண்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகிற அதே சாலையைச் சில மணி நேரம் மூடி வைத்து அதிலே ஓட்டுவார்கள். இருபுறமும் வீடுகள், கல் சுவர்கள், விளக்குக் கம்பங்கள், வேலிகள், மரங்கள். தவறினால் அவற்றில்தான் மோத வேண்டும்.

பிரிட்டனில் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆனால், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் ஒரு சிறு தீவு இருக்கிறது. அதன் பெயர் மான் தீவு. அதற்குத் தனிப் பார்லிமெண்டு உண்டு. அந்தப் பார்லிமெண்டு பந்தயத்துக்கு அனுமதி கொடுத்தது. 1907-ம் ஆண்டு அங்கே மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. டூரிஸ்ட் டிராபி என்பது அதன் பெயர். சுருக்கமாக டி.டி. என்பார்கள்.

1911-ம் ஆண்டு முதல் அந்தப் பந்தயம் மலைப் பாதையில் நடக்கிறது. ஒரு சுற்று 37¾ மைல். அதில் 200-க்கும் அதிகமான வளைவுகள். ஊருக்குள் நுழைந்து, பாலம் தாண்டி, மலை ஏறி, இறங்கி வர வேண்டும். பெரிய பந்தயத்தில் இப்படி ஆறு சுற்று. மொத்தம் 226 மைல்!

அந்தப் பாதை இதுவரை 250-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்திருக்கிறது.

மெக்கானிக்கின் மகன்

ஜோயி 1952-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி பிறந்தார். ஊர், வட அயர்லாந்தில் பாலிமணி நகருக்கு அருகே உள்ள டன்லாய். தகப்பனார் மோட்டார் மெக்கானிக். பணக்காரக் குடும்பம் அல்ல.

படிப்பு முடிந்ததும் ஜோயி கிடைத்த வேலையைச் செய்தார். லாரி ஓட்டினார். இரும்புச் சட்டங்களைப் பூட்டும் வேலைக்குப் போனார். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பழைய டிரயம்ப் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். 200 சி.சி. சக்தி உள்ள சின்ன வண்டி.

1969-ம் ஆண்டு அந்த வண்டியில் முதல் பந்தயம் ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 17.

1972-ம் ஆண்டு லிண்டா என்ற பெண்ணை மணந்தார். பகலில் வேலை. இரவில் வண்டியைப் பிரித்து, துடைத்து, மாட்டுவது. ஞாயிறு, சனி வந்தால் பந்தயம். இப்படியே பல ஆண்டுகள் ஓடின.

நான்கு பேர்

ஜோயியோடு இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவர் அவருடைய தம்பி ஜிம். இன்னொருவர் மெர்வின் ராபின்சன். ஜோயியின் சகோதரியை மணந்தவர். மூன்றாமவர் நண்பர் பிராங்க் கென்னடி.

பாலிமணிக்குப் பக்கத்தில் ஆர்மாய் என்று ஒரு கிராமம் இருக்கிறது. இந்த நால்வர் கூட்டத்துக்கு ஆர்மாய் கடற்படை என்று வேடிக்கையாகப் பெயர் விழுந்தது. வண்டியைத் தாங்களே பழுது பார்ப்பார்கள். ஒருவருக்குச் சாமான் இல்லை என்றால் மற்றவர் கொடுப்பார். பந்தயத்தில் மட்டும் விட்டுக் கொடுக்க மாட்டார்கள்!

அந்தக் காலத்தில் வட அயர்லாந்து பற்றி எரிந்து கொண்டிருந்தது. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் பகை. குண்டு வெடிப்பும் துப்பாக்கிச் சூடும் அன்றாடச் செய்தியாக இருந்தன. ஆனால், பந்தய நாளில் இரு சாராரும் ஒரே வேலி ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜோயி புராட்டஸ்டண்டு குடும்பத்தில் பிறந்தவர். ஆனால், அவர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. இரு சாராரும் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே நினைத்தார்கள்.

மற்றவர் விலகினார், இவர் வந்தார்

1972-ம் ஆண்டு மான் தீவுப் பந்தயத்தில் கில்பெர்ட்டோ பர்லோட்டி என்ற இத்தாலி வீரர் மழையில் விழுந்து இறந்தார். அவருடைய நண்பர் அகோஸ்தினி உலகச் சாம்பியன். இனி இந்தப் பாதையில் ஓட்டுவதில்லை என்று அவர் முடிவு செய்தார். வேறு பெரிய வீரர்களும் விலகிக் கொண்டார்கள். 1976-ம் ஆண்டோடு உலகச் சாம்பியன் போட்டிகளின் பட்டியலில் இருந்தே டி.டி. பந்தயம் நீக்கப்பட்டது.

அதே 1976-ம் ஆண்டுதான் ஜோயி முதன் முதலாக மான் தீவுக்கு வந்தார்!

உலகப் புகழ் பெற்றவர்கள் ஆபத்து என்று ஒதுக்கிய பாதை அவருக்குப் பிடித்துப் போயிற்று. காரணம் இருந்தது. மற்றவர்கள் தனிக் களங்களில் பழகி, பிறகு சாலைக்கு வந்தவர்கள். ஜோயி சாலையிலேயே பழகியவர். அயர்லாந்துக் கிராமச் சாலையின் மேடும் பள்ளமும்தான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

மறு ஆண்டே, 1977-ல், அவர் அங்கே முதல் வெற்றி பெற்றார். ஜான் ரே என்ற உள்ளூர்க்காரர் வாங்கிக் கொடுத்த யமஹா வண்டியில் ஓட்டி ஜெயித்தார்.

அடுத்தடுத்து இரண்டு சாவு

வட அயர்லாந்தின் கடற்கரை ஓரத்தில் நார்த் வெஸ்ட் 200 என்ற பந்தயம் ஆண்டுதோறும் நடக்கிறது. 1979-ம் ஆண்டு அதிலே பிராங்க் கென்னடி விழுந்தார். அந்தக் காயங்களால் பிறகு இறந்து போனார்.

1980-ம் ஆண்டு மே மாதம் அதே பந்தயத்தில் மெர்வின் ராபின்சன் விழுந்து இறந்தார்.

நான்கு பேரில் இரண்டு பேர் இல்லை. இறந்தவர்களில் ஒருவர் சொந்த மைத்துனர்! சகோதரி விதவையானாள்.

சாதாரண மனிதர் என்றால் அன்றே வண்டியைத் தூக்கி எறிந்திருப்பார். ஆனால், சில வாரங்களில் ஜோயி மறுபடியும் மான் தீவில் நின்றார்.

அந்தப் பந்தயத்தில் பெட்ரோல் டாங்கியைப் பிடித்திருந்த பட்டை பாதியிலே அறுந்தது. ஆடும் டாங்கியை முழங்கால்களால் இறுக்கிப் பிடித்தபடியே ஓட்டினார். ஒரு சுற்றை மணிக்கு 115 மைல் வேகத்தில் ஓட்டிப் புதிய சாதனை செய்தார். வெற்றியும் பெற்றார்.

அதைப் பார்த்த ஹோண்டா கம்பெனி அடுத்த ஆண்டு அவரை அழைத்துக் கொண்டது. 1982 முதல் 1986 வரை, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள், பார்முலா ஒன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் அவரே உலகச் சாம்பியன்.

அலட்டல் இல்லாத சாம்பியன்

பெரிய கம்பெனியின் வீரர் என்றால் ஓட்டலில் தங்குவார், வண்டியைத் தொட மாட்டார் என்று நினைப்பார்கள். ஜோயி அப்படி இல்லை. தம்முடைய வேனிலேயே படுத்துத் தூங்கினார். கை நிறையக் கிரீஸ். என்ஜினைத் தாமே பிரித்து மாட்டினால்தான் அவருக்குத் திருப்தி.

கூட்டத்தைக் கண்டால் கூச்சம். மேடையில் பேசச் சொன்னால் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக் கொள்வார். பந்தய நாளில் சிவப்புச் சட்டை, மஞ்சள் நிறத் தலைக் கவசம், மூன்றாம் எண். இவை இருந்தால் ராசி என்று நம்பினார்.

1985-ம் ஆண்டு ஒரு சோதனை வந்தது. ஜோயியும் நண்பர்களும் மீன்பிடிப் படகு ஒன்றில் மான் தீவுக்குப் புறப்பட்டார்கள். இரவில் அந்தப் படகு மூழ்கியது! நல்லவேளையாக, எல்லோரும் காப்பாற்றப்பட்டார்கள். தப்பி வந்த ஜோயி அந்த ஆண்டு மூன்று பந்தயங்களில் ஜெயித்தார்.

1988-ம் ஆண்டு மறுபடியும் மூன்று வெற்றி. மான் தீவில் அதுவரை 13 வெற்றி ஆகிவிட்டது. மைக் ஹெயில்வுட் என்ற மாபெரும் வீரரின் 14 வெற்றிதான் அப்போது சாதனை. அதை எட்ட இன்னும் ஒரே ஒரு வெற்றிதான் வேண்டும்.

பாதுகாப்பான களத்தில் விபத்து

1989-ம் ஆண்டு மார்ச் மாதம். பெரிய வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தில் பிராண்ட்ஸ் ஹாட்ச் என்ற இடத்தில் பந்தயம். அது சாலை அல்ல. பந்தயத்துக்கென்றே கட்டிய களம்.

அங்கே இன்னொரு வீரரின் வண்டியோடு மோதல். ஜோயி தூக்கி எறியப்பட்டார். காலும் மணிக்கட்டும் முறிந்தன.

கல் சுவர்களுக்கு நடுவே 20 ஆண்டுகள் ஓட்டியவருக்குப் பெரிய காயம் ஏற்பட்டது, பாதுகாப்பான களத்திலே! சாலைப் பந்தய வீரர்கள் ஏன் சாலையை நம்புகிறார்கள் என்பதற்கு இது ஒரு விளக்கம். களத்தில் பத்து இருபது பேர் நெருக்கி அடித்துக் கொண்டு ஓட்டுவார்கள். யார் எப்போது வந்து இடிப்பார் என்று தெரியாது. மான் தீவிலோ ஒவ்வொருவராக, பத்து விநாடி இடைவெளி விட்டு அனுப்புவார்கள். அங்கே எதிரி, கடிகாரமும் சாலையும்தான். சாலை இடம் மாறாது. சுவர் குறுக்கே வராது. பாதையை மனப்பாடம் செய்தவனுக்குத் தன் மேல் ஒரு நம்பிக்கை பிறந்து விடுகிறது.

அந்த நம்பிக்கையில் உண்மையும் உண்டு, மயக்கமும் உண்டு. சாலை மாறாது, சரி. மழை பெய்யும். டயர் வழுக்கும். சக்கரம் உடையும். அப்போது மனப்பாடம் எந்த உதவியும் செய்யாது.

ஜோயி ஊன்றுகோலோடு நடந்தார். அந்த ஆண்டு டி.டி. பந்தயத்தில் கலந்து கொள்ள முடியவில்லை. பிறகு இரண்டு ஆண்டுகள் ஓட்டியும் அங்கே வெற்றி இல்லை. ஜோயியின் காலம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள்.

1992-ம் ஆண்டு, 125 சி.சி. வண்டியில் ஜெயித்து ஹெயில்வுட்டின் சாதனையைச் சமன் செய்தார். மறு ஆண்டு அதை முறியடித்தார்.

அனாதைக் குழந்தைகளுக்காக

பந்தயம் இல்லாத காலத்தில் ஜோயி வேறொரு பயணம் போனார். அது பலருக்குத் தெரியாது. அவர் சொல்லிக் கொண்டதும் இல்லை.

ருமேனியா நாட்டில் கம்யூனிஸ்டு ஆட்சி 1989-ம் ஆண்டு கவிழ்ந்தது. அங்குள்ள அனாதை விடுதிகளில் குழந்தைகள் பட்ட பாடு அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. பசி, குளிர், அழுக்கு. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள்.

ஜோயி தம்முடைய வேனில் உணவும் துணிமணிகளும் ஏற்றிக் கொண்டார். தாமே ஓட்டிக் கொண்டு, பல நாடுகளைக் கடந்து, ருமேனியாவுக்குப் போனார். சாமான்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அல்பேனியாவுக்கும் போஸ்னியாவுக்கும் இப்படியே போனார்.

பந்தயத் திறமைக்காக 1986-ம் ஆண்டு இங்கிலாந்து அரசியார் அவருக்கு எம்.பி.இ. விருது அளித்தார். அனாதைக் குழந்தைகளுக்குச் செய்த தொண்டுக்காக 1996-ம் ஆண்டு அதைவிட உயர்ந்த ஓ.பி.இ. விருது கிடைத்தது.

தம் உயிரைத் துச்சமாக மதித்த மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. உயிரின் அருமை தெரியாதவர் முன்பின் அறியாத குழந்தைகளுக்காக அத்தனை தூரம் போவாரா?

தம்பிக்கு நேர்ந்த கதி

ஜோயிக்கு ராபர்ட் என்று இன்னொரு தம்பி. அவரும் சிறந்த பந்தய வீரர். 1994-ம் ஆண்டு மான் தீவில் ராபர்ட் வேகமாகப் போகும்போது பின் சக்கரம் உடைந்தது. கையும் காலும் நொறுங்கின.

அதே ஆண்டு பந்தயத்தில் ஜோயி இரண்டு வெற்றி பெற்றார்.

ராபர்ட்டும் சும்மா இருக்கவில்லை. காயப்பட்ட கைக்குத் தகுந்தபடி பிரேக்கை மாற்றி அமைத்துக் கொண்டு திரும்பி வந்தார். 1998-ம் ஆண்டு அதே மான் தீவில் ஜெயித்தும் காட்டினார்.

அந்த 1998-ல் ஜோயியும் காயத்தோடுதான் ஓட்டினார். சில வாரங்களுக்கு முன் அயர்லாந்தில் நடந்த பந்தயத்தில் விழுந்து கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருந்தது. இடுப்பு எலும்பில் விரிசல். இடது கை மோதிர விரல் போயிருந்தது. கொட்டும் மழையில் 250 சி.சி. பந்தயம். ஜோயி ஜெயித்தார்! அது அவருடைய 23-வது வெற்றி.

48 வயதில் மூன்று வெற்றி

2000-ம் ஆண்டு. ஜோயிக்கு வயது 48. எதிரே நின்றவர்களில் பலர் அவருடைய பிள்ளை வயதுக்காரர்கள்.

பெரிய வண்டிகளுக்கான பார்முலா ஒன் பந்தயத்தில் அவர் ஜெயித்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த முறை ஜெயித்தார். பிறகு 250 சி.சி. பந்தயம், 125 சி.சி. பந்தயம் இரண்டிலும் அவரே முதல். ஒரே வாரத்தில் மூன்று வெற்றி. மொத்தம் 26!

கடைசிப் பந்தயத்தில் மூன்றாவதாகத்தான் வந்தார். ஆனால், அதில் ஒரு சுற்றை மணிக்கு 123 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் முடித்தார். அவர் வாழ்நாளில் மான் தீவில் அவ்வளவு வேகமாக ஓட்டியதே இல்லை.

அன்றே பந்தயத்தை விட்டிருந்தால்?

அவர் விடவில்லை. ஒரு மாதம் ஆவதற்குள் எஸ்தோனியா நாட்டுக்குப் போனார். தலைநகர் தாலினில், காட்டு வழியாகப் போகும் சாலையில் பந்தயம். அது உலகம் கவனிக்கும் பெரிய பந்தயம் அல்ல. அங்கே இரண்டு பந்தயங்களில் ஜெயித்தார். மூன்றாவது, 125 சி.சி. பந்தயம். ஜூலை 2-ந் தேதி. மழை பெய்து கொண்டிருந்தது. ஜோயி முதலாவதாகப் போய்க் கொண்டிருந்தார். வண்டி வழுக்கியது. மரத்தில் மோதினார். அங்கேயே உயிர் பிரிந்தது.

சவ ஊர்வலம்

பாலிமணிக்கு அருகே உள்ள சிறிய தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அன்று அந்தக் கிராமச் சாலைகளில் சுமார் 50 ஆயிரம் பேர் திரண்டார்கள். கத்தோலிக்கரும் வந்தார்கள், புராட்டஸ்டண்டுகளும் வந்தார்கள். பல நாடுகளில் இருந்து மோட்டார் சைக்கிள்களில் வந்தார்கள். அவ்வளவு பேரும் அந்தக் கூச்ச சுபாவக்காரருக்காக அழுதார்கள்.

ஐந்து குழந்தைகளும் தகப்பனை இழந்தன.

ஏன்?

பணத்துக்காகவா? இல்லை. பணம்தான் குறி என்றால் எஸ்தோனியாவின் சின்னப் பந்தயத்துக்குப் போயிருக்க மாட்டார்.

புகழுக்காகவா? புகழைக் கண்டு ஒளிந்தவர் அவர்.

ஆபத்து தெரியாமலா? நண்பனையும் மைத்துனரையும் பறிகொடுத்தவருக்குத் தெரியாத ஆபத்து எது?

சாக வேண்டும் என்ற ஆசையா? அதுவும் இல்லை. திருகாணி ஒவ்வொன்றையும் தாமே முடுக்கிச் சரி பார்க்கிறவர், சாவதற்காக வண்டியில் ஏறுகிறவர் அல்ல.

அவருடைய 31 ஆண்டுப் பந்தய வாழ்க்கையைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பேசத் தெரியாத அந்த மனிதருக்கு, சாலைதான் பேச்சு. ஊரில் அவர் ஒரு மதுக்கடைக்காரர். 200 வளைவுகளையும் மனத்தில் வைத்துக் கொண்டு, ஒரு விநாடிகூடக் கவனம் சிதறாமல், நினைத்த இடத்தில் நினைத்தபடி வண்டியைத் திருப்பும்போது மட்டும், அவருக்கு நிகர் உலகத்தில் யாரும் இல்லை. தமக்குக் கைவந்த கலையை விட்டுவிட்டு வாழ அவரால் முடியவில்லை. ஆபத்தை அவர் விரும்பவில்லை. கலைக்குக் கொடுக்க வேண்டிய விலை என்று அதை ஏற்றுக் கொண்டார்.

ஆனால், அந்த விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. வீட்டில் இருந்தவர்களும் சேர்ந்து கொடுத்தார்கள்.

2008-ம் ஆண்டு மே 15-ந் தேதி. நார்த் வெஸ்ட் 200 பந்தயத்துக்கான பயிற்சியின்போது தம்பி ராபர்ட் இறந்தார். இரண்டே நாளில், அதே இடத்தில், அதே 250 சி.சி. பந்தயத்தில், ராபர்ட்டின் மகன் மைக்கேல் ஓட்டினார். ஓட்டி ஜெயித்தார்! பார்த்தவர்கள் மகிழ்வதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்கள்.

2018-ம் ஆண்டு ராபர்ட்டின் இன்னொரு மகன் வில்லியம் அயர்லாந்தில் ஒரு சாலைப் பந்தயப் பயிற்சியில் மாண்டார். கணவனைப் பறிகொடுத்த தாய், மகனையும் பறிகொடுத்தார்.

மைக்கேல் நிறுத்தவில்லை. 2024-ம் ஆண்டு மான் தீவில் 27-வது வெற்றி பெற்று, பெரியப்பாவின் 26 வெற்றிச் சாதனையை முறியடித்தார்.

மான் தீவு மலைப் பாதையில் 26-வது மைல் கல்லுக்கு ஜோயியின் பெயரை வைத்திருக்கிறார்கள். மலை மேல் அவருக்குச் சிலையும் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் அமர்ந்தபடி, சாலையைப் பார்த்துக் கொண்டிருக்கிறார். ஆண்டுதோறும் பந்தயக் காலத்தில் இளைஞர்கள் அந்தச் சிலையைக் கடந்து பறக்கிறார்கள். அவர்கள் திரும்பி வரும் வரை, தாயும் மனைவியும் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள்.